அப்பாவின் தட்டுக்கு எந்தக் கோழி?

அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். காய்ச்சாத பால் கூடாது, வெளியில் நறுக்கி வைத்த பழம் கூடாது என்று வரிசையாக வந்த விலக்குகளுக்கு நடுவே, "பதப்படுத்திய இறைச்சி கூடாது" என்று ஒரு வரி. காரணம் எழுதியிருக்கவில்லை. கோழிக் குழம்பு கொதிக்காத ஞாயிறு அப்பாவுக்கு ஞாயிறாகவே படாது. ஏழு வயது மகனுக்கோ டிபன் டப்பாவில் நக்கெட் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே ஃபிரிட்ஜ். எந்தக் கோழியை வீட்டுக்குள் விடுவது என்று நான் முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கோவையில் எங்கள் பகுதியில் கிடைப்பவை நான்கு வகை. தெருமுனைக் கடையில் கண்ணெதிரே அறுத்துத் தரும் பிராய்லர். கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கு வரும் குளிரூட்டிய பாக்கெட் கறி. சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் நக்கெட், சாசேஜ், சலாமி போன்ற, அரைத்துப் பதப்படுத்திய வகையறா. கடைசியாக, "ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது" என்ற முத்திரையோடு கூடுதல் விலைக்கு விற்பது. விலையையும் ருசியையும் தள்ளி வைத்துவிட்டு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து இந்த நான்கையும் எடைபோட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோழிக்குக் கொடுத்த மருந்து கறியில் தங்கிவிடுவது ஒரு பிரச்சினை. 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாக வெளியிட்டது இந்த வகை. பண்ணையில் அந்த மருந்துக்குப் பழகி, சாகாமல் மிஞ்சிய பாக்டீரியா கறியோடு சேர்ந்து வருவது இன்னொரு பிரச்சினை. மருந்தை நிறுத்திச் சில நாட்கள் விட்டு அறுத்தால் எச்சம் குறைந்துவிடும். பழகிய பாக்டீரியா அப்படிப் போய்விடாது. எனவே "எச்சம் இல்லை" என்று ஆய்வகம் கொடுக்கும் சான்று, பாக்டீரியாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை விழுங்கும் அப்பாவைப் போன்றவர்களுக்கு உடனடி ஆபத்து இரண்டாவதில்தான்.

பண்ணையில் பழகியது மருத்துவமனைப் படுக்கை வரை எப்படி வருகிறது? என்ரோஃப்ளாக்சசின் கால்நடைகளுக்கான மருந்து. கோழியின் உடலுக்குள் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. வயிற்றுப்போக்கு என்றதும் நம்மவர்கள் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் அதே சிப்ரோ. ஒன்றுக்குப் பழகிய கிருமி பெரும்பாலும் மற்றதற்கும் அசையாது. கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியிடம் இதைக் கண்டுதான் அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது. கோலிஸ்டின் கதை இன்னும் வேதனையானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைத் தீவனத்தில் கலந்து கோழிகளின் எடையைக் கூட்டப் பயன்படுத்தினார்கள். 2015இல் சீனாவில், கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நம் கைவசம் ஓர் ஆயுதம் இருக்கிறது. கறியோடு வந்து வயிற்றைத் தாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமி, மருந்துக்கு அடங்காவிட்டாலும் நெருப்புக்கு அடங்கும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அடங்கும் கிருமி, அடங்காத கிருமி என்ற வேறுபாடின்றி இரண்டும் சாகும். அதனால் என் ஒப்பீடு முழுவதும் இரண்டு கேள்விகளில் வந்து நின்றது. அடுப்புக்கு வருவதற்கு முன் இந்தக் கறி எத்தனை கை மாறுகிறது, எவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் கிடக்கிறது? கடைசி நெருப்பு என் கையில் இருக்கிறதா, வேறு யாருடைய கையிலாவதா?

தெருமுனைக் கடையைப் பார்ப்போம். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து இரவில் வண்டி வருகிறது. விடியும்போது கூண்டு நிறைந்திருக்கும். ஒரு ஞாயிறு காலை, அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அறுத்த கோழியை வெந்நீர் அண்டாவில் முக்கி எடுத்து, ரப்பர் விரல்கள் வைத்த டிரம்மில் போட்டுச் சுற்றுகிறார்கள், இறகு உதிர்ந்துவிடும். அண்டாவின் நீர் எனக்கு முன் வந்த பதினொரு பேருக்கும் ஒன்றுதான். அது நீராக இல்லை, சாம்பல் நிறக் கஞ்சியாக இருந்தது. டிரம் சுற்றும்போது கோழியின் குடலிலிருந்து பிதுங்குவது அடுத்த கோழியின் தோலில் அப்புகிறது. பிறகு புளியமரக் கட்டை. அதன் நடுவில் வருடக்கணக்கான வெட்டு விழுந்து குழியாகியிருந்தது. கத்தி, கட்டை, கை மூன்றையும் துடைக்க ஒரே துணி.

இந்தக் கடையைக் குறைசொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதன் பெரிய பலம் நேரம். ஏழு மணிக்கு அறுத்த கோழி ஏழரைக்கு என் அடுப்பில் இருக்க முடியும். சாதகமான வெப்பத்தில் இ.கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அரை மணியில் அது பெரிதாகப் பெருக முடியாது. மூன்று மணி நேரம் பையில் கிடந்தால் ஒன்று ஐந்நூறைத் தாண்டிவிடும். ஆக, வாங்கிக்கொண்டு கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய்விட்டு மதியம் வீடு திரும்புகிறவருக்கு இந்தக் கடை கூடாது. நேரே வீட்டுக்கு வருகிறவருக்குக் கூடும். கடைக்காரரிடம் ஒருநாள், "பாய், வீட்டில் உடம்புக்கு முடியாதவர் இருக்கிறார். கட்டையை ஒருமுறை கழுவிவிட்டு வெட்டித் தாருங்கள்" என்றேன். "அதற்கென்னம்மா, முதல் ஆளாக வந்துவிடுங்கள். எல்லாம் புதுசாக இருக்கும்" என்றார். அண்டாவின் நீர் மாறும் நேரத்தைச் சரியாகச் சொன்னது அவர்தான். அன்றிலிருந்து அங்கே போவதென்றால் கடை திறக்கும்போதே போகிறேன்.

இந்தக் கடையின் இன்னொரு குறை நம் சமையலறையில்தான் தெரியும். கடைக் கறியில் இறகுத் துணுக்கும் எலும்புச் சிராயும் இருக்கும். அலசாமல் போட முடியாது. மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசுவது அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அலசினால் தெறிக்கும் துளிகள் தொட்டி விளிம்பிலும், பக்கத்தில் ஆய்ந்து வைத்த கொத்தமல்லியிலும் விழுகின்றன. கறி வெந்துவிடும். கடைசியாகக் கிள்ளிப் போடும் கொத்தமல்லி வேகாது. சமையலறையில் கிருமி தப்பிப் போகும் வழி பெரும்பாலும் இதுதான். இப்போது ஆழமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, கறியை அதற்குள் அமிழ்த்தி, தெறிக்காமல் மெல்ல அலசுகிறேன். கொத்தமல்லி கண்ணில் படாத தூரத்தில் இருக்கும்.

பாக்கெட் கறிக்கு இந்த அலசலே தேவையில்லை. எனக்கு அதில் பிடித்த முதல் விஷயம் அதுதான். ஆலையிலேயே சுத்தம் செய்து, குளிரூட்டி, 4 டிகிரிக்குக் கீழே வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் குளிரில் சால்மொனெல்லா கிட்டத்தட்டப் பெருகாது. ஆனால் செத்தும் போகாது; உறைய வைத்தாலும் பிழைத்துக் கிடக்கும். பாக்கெட்டில் தொகுதி எண் இருக்கிறது. ஏதாவது நேர்ந்தால் எந்த ஆலை, எந்த நாள் என்று தேடிப்போக ஒரு நூல் கிடைக்கும். தெருக்கடையில் அந்த நூல் கிடையாது.

பெரிய ஆலை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபாஸ்டர் ஃபார்ம்ஸ் என்ற நிறுவனத்தின் கோழியிலிருந்து 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை பரவிய சால்மொனெல்லா ஹைடல்பெர்க் என்ற வகைக் கிருமி, 29 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 634 பேரைத் தாக்கியது. அவர்களிடம் கிடைத்த கிருமிகளில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவை. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே பாதையில் நகரும் ஆலையில் ஒரு பண்ணையின் கிருமி ஒரு நாட்டின் கிருமியாகிவிடுகிறது. தெருக்கடையின் அழுக்கு தெருவோடு நிற்கும்.

நம் ஊரில் பாக்கெட் கறியின் பலவீனம் கடைசி ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. சென்ற ஏப்ரலில் ஒருநாள் வந்த பாக்கெட்டைத் தொட்டபோது கைக்குக் குளிர்ச்சியே தெரியவில்லை. உள்ளே சிவந்த நீர் தேங்கி, பை உப்பியிருந்தது. திருப்பி அனுப்பினேன். அன்று சாம்பார்தான். சில நூறு ரூபாய் கொடுத்து, ஊசி வைத்த சமையல் வெப்பமானி ஒன்று வாங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது பாக்கெட் வந்ததும் வெளிப்புறத்தில் அதை ஒட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். 8, 9 டிகிரி என்று காட்டினால் வாங்குவதில்லை.

மூன்றாவது வகையில்தான் அந்தத் தாளின் வரிக்கு விடை கிடைத்தது. முழுத் துண்டாக இருக்கும் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். வாணலியின் சூடு முதலில் தொடுவதும் அந்த மேற்பரப்பைத்தான். அரைக்கும்போது மேற்பரப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. வெளியில் இருந்தது நடுவுக்குப் போகிறது, ஒரு கோழியில் இருந்தது நூறு கோழிக் கறியில் கலக்கிறது. 2011இல் அமெரிக்காவின் கார்கில் நிறுவனம் அரைத்த வான்கோழிக் கறியை 3.6 கோடி பவுண்டு அளவுக்குத் திரும்பப் பெற்றது. நம் கணக்கில் சுமார் 1.6 கோடி கிலோ. அதிலிருந்த சால்மொனெல்லா ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் உள்ளிட்ட பல மருந்துகளை எதிர்த்தது. நோயுற்றவர்கள் 136 பேர், ஒருவர் இறந்தார்.

நக்கெட்டிலும் சாசேஜிலும் இருப்பது அரைத்த கறிதான். ஆனால் இந்த வகைக்குள்ளேயே இரண்டு சாதிகள் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஒன்று, பச்சையாக உறைய வைத்து, நாம் வேகவைக்க வேண்டியது. மற்றது, ஆலையிலேயே வெந்து, அப்படியே சாப்பிடலாம் என்று விற்பது.

பச்சை நக்கெட்டின் ஆபத்து அதன் முகத்தில் இருக்கிறது. மேல்மாவு நிற்பதற்காக ஆலையில் ஒருமுறை எண்ணெயில் காட்டி எடுத்திருப்பார்கள். பார்த்தால் பொன்னிறமாக, வெந்தது போலவே தோன்றும். உள்ளே கறி பச்சை. அமெரிக்காவில் மாவு தடவி உள்ளே பூரணம் வைத்த பச்சைக் கோழி வகைகளால் மீண்டும் மீண்டும் சால்மொனெல்லா பரவியதால், 2024இல் அந்த வகைக்கு மட்டும் தனியாக ஒரு வரம்பு அறிவித்தார்கள். கிராமுக்கு ஒரு பாக்டீரியா அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கலப்பட உணவாகக் கருதப்படும் என்றார்கள். பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பச்சை வகை என்றால் மைக்ரோவேவ் அடுப்பு வேண்டாம்; ஒரு மூலை கொதிக்கும்போது இன்னொரு மூலை சில்லென்று இருக்கும்.

இதைச் சரியாகப் பொரித்தால் கடைசி நெருப்பு நம்முடையது. ஆகவே மகனுக்கு இது சரி என்று முடிவு செய்தேன்.

சலாமி, பொலோனி, குளிர்ந்த கோழித் துண்டங்கள் ஆகிய இரண்டாவது சாதிதான் அப்பாவுக்கு எமன். ஆலையில் வெந்த பிறகு துண்டு போடும் இயந்திரத்திலும் மேசையிலும் படும்போது லிஸ்டீரியா என்ற கிருமி ஏறிக்கொண்டால், பிறகு அதைக் கொல்ல யாரும் இல்லை. மற்ற கிருமிகளை அடக்கும் ஃபிரிட்ஜ் இதை அடக்காது. 4 டிகிரியிலும் மெல்ல மெல்லப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018இல் நடந்தது இதுதான். ஏழை எளியவர்கள் தினமும் ரொட்டியில் வைத்துத் தின்ற பொலோனி என்ற விலை குறைந்த இறைச்சியில், பொலோக்வானே நகரத்து ஆலை ஒன்றிலிருந்து லிஸ்டீரியா பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பச்சிளங்குழந்தைகள் ஏராளம். அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லிஸ்டீரியாவிடம் இன்னொரு குணம் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் முதலான செஃபலோஸ்போரின் மருந்துகளை அது இயல்பிலேயே எதிர்க்கும். பண்ணையில் பழகி வந்ததல்ல, பிறவிக் குணம். கடும் காய்ச்சலோடு போகும் நோயாளிக்கு நம் மருத்துவமனைகளில் முதலில் ஏற்றும் ஊசிகளில் ஒன்று செஃப்ட்ரியாக்சோன். ஆம்பிசிலின் கேட்கும், ஆனால் லிஸ்டீரியாவாக இருக்கலாம் என்ற ஐயம் மருத்துவருக்கு வர வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் விழுங்கும் ஒருவருக்கு, அந்த ஐயம் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. கர்ப்பிணிகளுக்கும் இதே கணக்குதான்.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ரொட்டிக்கு நடுவே சலாமி வைத்துத் தட்டில் நீட்டினார். "ஒரு துண்டுதானே, அண்ணன் சாப்பிடட்டும் விடு" என்றார். அந்த வாரம் சிறுநீர்த் தொற்றுக்காக அப்பா ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மருந்தில் ஒடுங்கிப்போயிருக்கும் நேரத்தில், அதே மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா வந்து இறங்கினால் எதிர்க்க ஆளில்லாத வீட்டில் நுழைந்தது போலாகிவிடும். மருந்து சாப்பிடும் நாட்களில் இறைச்சி விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. இது அப்பாவுக்கு மட்டுமில்லை, யாருக்கும் பொருந்தும். அத்தையிடம் விவரம் சொல்லி, சலாமியை வாங்கித் தோசைக்கல்லில் போட்டு ஆவி பறக்கச் சுட்டுக் கொடுத்தேன். அப்படிச் சுட்டுத் தின்றால் லிஸ்டீரியாவும் சாகும்.

நான்காவதான முத்திரைக் கோழிக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அமெரிக்க விவசாயத் துறை 2024இல் "ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது" என்ற சந்தைக்குப் போகவிருந்த மாடுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 20 சதவீத மாதிரிகளில் எச்சம் இருந்தது. முத்திரையை நம்புவதற்கு முன் யார் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். நாட்டுக்கோழி என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். திறந்த வெளியில் மேயும் கோழியிடம் கேம்பிலோபாக்டர் கூடுதலாகவே இருப்பதுண்டு. இன்று நாட்டுக்கோழி என்று விற்பதில் கணிசமான பங்கு கொட்டகையில் அடைத்து வளர்த்ததும்கூட.

ஆனாலும் இந்த வகையை என்னால் ஒதுக்க முடியவில்லை. அமெரிக்கச் சந்தை இறைச்சியை ஆறு ஆண்டுகள் சோதித்த விவரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், இயற்கை முறைச் சான்று பெற்ற இறைச்சியில் பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு 56 சதவீதம் குறைவாக இருந்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற தீவன ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது. அப்போது பிராய்லர் கோழிகளிடம் எடுத்த என்டரோகாக்கஸ் கிருமிகளில் அதை எதிர்த்தவை சுமார் 73 சதவீதம்; 2000இல் சுமார் 6 சதவீதம். ஐந்தே ஆண்டுகள். பண்ணையில் மருந்து போடும் கையை நிறுத்தினால் கிருமியின் பழக்கமும் மங்குகிறது. என் தட்டில் இந்த ஞாயிறு இருக்கும் ஆபத்தை முத்திரைக் கோழி பெரிதாகக் குறைக்காது. என் மகன் வளர்ந்து அவனுக்கு ஒரு காய்ச்சல் வரும்போது மருந்து கேட்குமா என்பதை அது தீர்மானிக்கும். சோதனை அறிக்கையைக் கேட்டால் காட்டுகிற விற்பனையாளர் கிடைக்கும்போது, கூடுதல் பணம் கொடுத்து மாதத்துக்கு ஓரிரு முறையாவது வாங்குகிறேன்.

ஆக எங்கள் வீட்டு ஏற்பாடு இது. வாராந்திரக் குழம்புக்கு எலும்போடு கூடிய முழுத் துண்டுகள். குளிர் குறையாமல் வந்தால் பாக்கெட் கறி, இல்லையென்றால் பாய் கடையில் முதல் ஆளாக. குழம்பு கொதித்து எலும்பை விட்டுக் கறி பிரியும்போது கிருமியைப் பற்றிய கவலை போய்விடுகிறது. மிஞ்சிய குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் கொதிக்கவைத்துத்தான் எடுப்போம். சலாமியும் குளிர்ந்த துண்டங்களும் வீட்டுக்குள் வருவதில்லை. நக்கெட் மாதம் இருமுறை, பச்சை வகை, உறைபெட்டியின் அடித்தட்டில் மூடிய டப்பாவில். பச்சைக் கறி தொட்ட பலகை சிவப்பு, காய்கறிப் பலகை வெள்ளை. யார் வந்து சமைத்தாலும் நிறம் மாறக் கூடாது.

நக்கெட் பொரிக்கும் நாளில் அப்பாவுக்கு ஒரு வேலை உண்டு. எண்ணெயிலிருந்து எடுத்ததில் மிகத் தடிமனான ஒன்றை நான் இடுக்கியால் பிடிக்க, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை நடுவில் செருகி எண்ணைப் படிப்பார். சென்ற சனிக்கிழமை 61 என்றார். வெளியே நல்ல பொன்னிறம். மகன் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். "இன்னும் இரண்டு நிமிடம், தம்பி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப எண்ணெயில் போடச் சொன்னார். அடுத்த முறை 79.